ஏழு சுற்றுக் காகிதம்

அறைந்த சத்தம் சரியில்லை.

பதினோரு வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம் அது. பளாரென்று விழும், சுவரில் பட்டுத் திரும்பும், அதன் பின் வீடு கொஞ்ச நேரம் அடங்கிக் கிடக்கும். அந்த அடக்கம் மாஸ்டருக்குப் பிடிக்கும். ஆனால் இந்தத் திங்கட்கிழமை மாலை, டீயில் ஆடை படிந்திருக்கிறது என்று மனைவியின் கன்னத்தில் ஒன்று வைத்தபோது தொப்பென்று மட்டும் கேட்டது. பிரிக்காத அட்டைப் பெட்டியைத் தட்டிப் பார்த்ததுபோல இருந்தது. அவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்தபடியே அடுக்களைக்குப் போனாள். ஓர் 'ஸ்' கூட இல்லை. மாஸ்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். வெள்ளையாக ஏதோ மாவு மாதிரி ஒட்டியிருந்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டு டிவியைப் போட்டார்.

அவரை மாஸ்டர் என்று கூப்பிடாதவர்கள் கிடையாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர் என்று அவரிடம் கற்றவர்கள் சத்தியம் செய்வார்கள். கிளட்சுக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்து நடுத்தெருவில் உயிரை வாங்கும் ஆளிடம்கூட, "பரவாயில்லைங்க, மெதுவா, மெதுவா" என்றுதான் சொல்வார். பயிற்சி காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. எது நடந்தாலும் தன் காலுக்கடியில் நிற்கும் என்கிற தைரியம் அது. வீட்டில் அப்படி ஒன்று இல்லாததுதான் அவருக்குக் குறை. அதற்குப் பதிலாகத்தான் கம்பிக் கதவுக்குப் பூட்டு வாங்கினார்.

இரண்டு வருடம் முன்பு அவள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றே நாள்தான். அந்த மூன்று மாலைகளும் மாஸ்டர் விளக்குகூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டில் அவருக்குப் பயப்பட யாருமே இல்லை என்பது அவரை உள்ளே ஏதோ செய்தது. நான்காம் நாள் போய், மைத்துனர் முன்னால் அழுது, 'இனிமேல் சத்தியமாகக் கை நீட்ட மாட்டேன்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்து இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த வாரமே பூட்டு வந்தது. வெளியே போகும்போது பூட்டிவிட்டுச் சாவியைக் கார் சாவிக் கொத்திலேயே கோத்துக்கொள்வார். பெண்ணைப் பள்ளியில் விடுவதும் அவர்தான், கூட்டி வருவதும் அவர்தான். இப்போது முழு ஆண்டு விடுமுறை என்பதால் அந்த வேலையும் இல்லை. ஒருமுறை போனவள் மறுபடியும் போவாள். அந்த ஒரு பயத்தைத் தவிர மாஸ்டருக்கு வாழ்க்கையில் வேறு பெரிய கவலை கிடையாது.

பூட்டிய வீட்டில் பொழுது போக வேண்டுமே என்றுதான் காகித வேலையை அவர் விட்டுவைத்தார்.

ஆரம்பித்தது பெண்ணின் பள்ளி வேலையாக. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் எண்ணெய் தடவி, செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, மைதா பசையில் முக்கி ஒட்டிக் காகிதக் கிண்ணம் ஒன்று செய்தார்கள். அது கொஞ்சம் கோணல். அடுத்து பலூன் மேல் ஒட்டி ஒரு சேவல். கொண்டைக்கு முட்டை அட்டை, காலுக்குச் சட்டை மாட்டும் கம்பி. அதன் பிறகு மனைவிக்குக் கை நிற்கவில்லை. காகிதத்தைக் கத்தரிக்கக் கூடாது, கையால்தான் கிழிக்க வேண்டும், கிழிந்த ஓரம்தான் ஒன்றோடொன்று சேரும் என்று பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பாள். பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம், நாற்றம் தெரியாமல் இருக்கக் கிராம்பு இரண்டு. ஒரு சுற்று ஒட்டினால் அது காய்ந்த பிறகுதான் அடுத்த சுற்று. மொத்தம் ஏழு சுற்று. வீடே ஈரக் காகித நாற்றமாக இருக்கும். "எங்க வீட்டுல பேப்பர் வாங்குறது படிக்கிறதுக்கு இல்லைங்க, ஊறப் போடுறதுக்கு" என்று மாஸ்டர் மாணவர்களிடம் தமாஷ் பண்ணுவார்.

போன மழைக்கு முன்பு ஒருநாள் பின்னறைக்குப் போனவர் துணிக்கொடியில் ஒரு கை தொங்குவதைப் பார்த்தார். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும், இரண்டு கிளிப் போட்டு மாட்டியிருந்தது.

"இது என்னடி கண்றாவி?"

"என் கைதாங்க. அச்சுக்கு வேற கைக்கு எங்க போறது?"

அவர் அதைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே வளையம்போல நீலம் படிந்திருந்தது. முந்தின நாள் அவர் பிடித்து முறுக்கிய இடம்.

"உள்ள என்ன நீலமா இருக்கு?"

"மயில்துத்தம்ங்க" என்றாள்.

அதற்குப் பின் கொடியில் ஒரு தோள், ஒரு தொடை, பாதி முதுகு என்று ஒவ்வொன்றாகத் தொங்கின. அடிபட்ட இடத்தில் வீக்கம் வடிவதற்குள் அவள் எண்ணெய் தடவி, காகிதத்தை ஒட்டி, காய்ந்ததும் பக்கவாட்டில் அறுத்து, ஓடு மாதிரிக் கழற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டருக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலாம் என்று விட்டுவிட்டார்.

மூன்று வாரம் முன்பு அவர் வீசிய எவர்சில்வர் டம்ளர் தப்பிப் போய்ப் பெண்ணின் நெற்றியில் பட்டது. குறுக்கே வந்தது அதன் தப்பு என்பது மாஸ்டரின் கட்சி. மூன்று தையல். டாக்டரிடம் அவரே பேசினார், நன்றாகவே பேசினார். வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய பாத்திரத்தில் பசை காய்ச்ச ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு, பழைய எக்ஸ்ரே உறை, அவர் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம், எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பட்டை பட்டையாகக் கிழித்தாள். பெண் தலையில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கிழித்தாள்.

அந்த நாளிலிருந்து இருவரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மாஸ்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்கு வந்தவர் மருந்துக்கடைக்காரர். தெருமுனையில் கடை வைத்திருப்பவர், பாவம், இரண்டு மாதமாக ரிவர்ஸ் வரவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"ஆயின்மென்ட் தீர்ந்திருக்குமே சார்? இந்த மாசம் வாங்கவே இல்லையே?"

"எந்த ஆயின்மென்ட்?"

"வீக்கத்துக்கு. வழக்கமா வாங்குவீங்களே."

மாஸ்டரின் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. வண்டி குலுங்கி நின்றது. எதிரில் யாரும் இல்லை.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை அவர் வேண்டுமென்றே சீக்கிரம் வந்தார். பூட்டு இறுகியிருந்தது, சாவி இரண்டு முறை சிக்கித் திரும்பியது. கூடத்து மூலையில் பெண் அவருக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்து நோட்டில் குனிந்திருந்தாள். "குட்டி" என்றார். திரும்பவில்லை. அடுக்களையில் மனைவி மேடையைப் பார்த்து நின்றிருந்தாள். அவர் பின்னால் போய் அவள் மேல்கையைப் பிடித்து, வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில், வழக்கமான பலத்தோடு நசுக்கினார். சதை அமுங்கியது. விட்டபோது மெதுவாக, மிக மெதுவாக, மொரமொரவென்று ஒரு சின்னச் சத்தத்தோடு பழைய வடிவத்துக்கு வந்தது. எண்ணெய் வாசனை இல்லை. வியர்வை இல்லை. கிராம்பு மணத்தது, அதற்கு அடியில் ஊறிய காகிதம். அவள் திரும்பாமல் பொறுமையாக நின்றாள். அவளைத் திருப்பி முகத்தைப் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கடைசியாக எப்போது அந்த முகத்தைப் பார்த்தோம் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. அடிப்பதற்கு முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, குனிந்த தலை போதும். அவர் பார்க்காமலேயே கூடத்துக்கு வந்துவிட்டார்.

மேசையில் டீ இருந்தது. முந்தின நாள் போலவே ஆடை படிந்திருந்தது.

புதன்கிழமை பெல்ட்டைக் கழற்றினார். காரணம் என்ன என்று பிறகு யோசித்தபோது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. பயம் வந்தால் மாஸ்டருக்குக் கை ஓங்கும், வேறு வழி அவருக்குப் பழக்கமில்லை. முதுகில் ஆறு, ஏழு. தொப். தொப். தொப். அவர்தான் கத்தினார், அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. எட்டாவதற்குப் பிடித்துத் தள்ளினார். அவள் கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தரையோடு சரசரவென்று வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றாள். அவள் எடை அவருக்குத் தெரியும். இத்தனை தூரம் போகக் கூடாது. பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தொண்டை வறண்டு, மேசை மேலிருந்த டம்ளரை எடுத்தார்.

டம்ளர் வரவில்லை. பலமாக இழுத்தார். மேசை விரிப்பும் சேர்ந்து எழும்பியது. உள்ளே இருந்தது கல்லாக இறுகியிருந்தது. விரலால் சுரண்டி முகர்ந்தார். பசை. டீ நிறத்தில் காய்ந்துபோன மைதா பசை. திங்கட்கிழமையிலிருந்து அதே டம்ளர் அதே இடத்தில் இருக்கிறது.

மூன்று நாளாக இந்த வீட்டில் யாரும் எதையும் சமைக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் வெளியே சாப்பிட்டுவிட்டு வருபவர். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்கும் வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. அன்று படுக்கையறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். தன் வீட்டில், தன் மனைவிக்குப் பயந்து கதவைத் தாழிட்டவர் என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பார்.

வியாழனும் வெள்ளியும் அவர் கூடத்தைக் கடக்கும்போது தரையைப் பார்த்தே நடந்தார். யாரும் எதுவும் செய்யவில்லை. அவள் அடுக்களையில் நின்றாள். பெண் பாயில் உட்கார்ந்திருந்தாள். காலையில் பார்த்த இடத்திலேயே மாலையிலும்.

சனிக்கிழமை நண்பகலில் மழை பிடித்தது. மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். "மழை விட்டா நாலரைக்கு வீட்டுக்கே வந்துடறேன் சார்." மாஸ்டர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கம்பிக் கதவுக்கு ஓடினார். சாவி பாதிக்கு மேல் நுழையவில்லை. எரிச்சலோடு உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாவியின் பற்களுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டிப்பட்டிருந்தது. சட்டைப்பையிலிருந்த ஊசியால் நெம்பினார். அரைத்த காகிதக் கூழ். அதில் ஓர் எழுத்துகூடத் தெரிந்தது.



அவர் உள்ளே போகவில்லை. மழையில் நனைந்துகொண்டே சுற்றி வந்து பின்னறை ஜன்னல் வழியாகக் கையை விட்டு விளிம்பைத் துழாவினார். துணிக்கொடி காலியாக இருந்தது. கையோ தோளோ ஒன்றும் இல்லை. ஜன்னல் விளிம்பில் பிஸ்கட் அளவில் இரண்டு கூழ்த் துண்டுகள் காய்ந்து கிடந்தன. ஒன்றில் சாவியின் இந்தப் பக்கம், இன்னொன்றில் அந்தப் பக்கம். பல்லுக்குப் பல் அச்சாகப் பதிந்திருந்தது. அவர் குளிக்கிற பத்து நிமிடம் போதுமே இதற்கு.

"அதை இன்னுமா வச்சிருக்கா? தூக்கிப் போடச் சொன்னேனே."

மதிலுக்கு அந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு தையல்கார அக்கா நின்றிருந்தாள். அடுத்த வீடு. எப்போதும் கழுத்தில் அளவு நாடாவோடு இருப்பவள்.

"இது என்னக்கா?" என்றார் மாஸ்டர். குரல் அவருடையது போல இல்லை.

"சாவிக்காரன்கிட்ட நான்தான் கொடுத்தேன். போய் யார்கிட்ட வேணாலும் சொல்லிக்கோங்க தம்பி. அவங்க போய் ஆறு நாள் ஆச்சு. ஞாயித்துக்கிழமை காலையில, நீங்க கிளாஸுக்குக் கிளம்பின உடனே. அண்ணன் வீட்டுக்கு இல்ல. எங்கன்னு எனக்கும் சொல்லாதேன்னுட்டேன். சொன்னா நீங்க அழுதுகிட்டே வந்து நிப்பீங்க."

"போகலைக்கா. உள்ளதான் இருக்கா. இன்னிக்குக் காலையிலகூட..."

தையல்கார அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் கோபத்தோடு, பிறகு வேறு விதமாக.

"வீட்டுல யாரு இருக்கா? தினம் சாயங்காலம் நீங்க ஒத்தை ஆளா நின்னு கத்துறீங்க. வேற ஒரு குரலும் கேக்கலை." என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கி, தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாஸ்டர் மழையில் நின்றார். போய்விட்டாள். பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆறு நாள். அவருக்கு முதலில் வந்தது அழுகைதான். அது தொண்டையை எட்டுவதற்குள் கோபமாக மாறிவிட்டது.

உள்ளே, அடுக்களையில், மேடை மேல் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

ஓடியிருக்கலாம். வண்டி வாசலில் நிற்கிறது, சாவி கையில் இருக்கிறது. ஆனால் அவருடைய வீட்டில் அவரை ஏமாற்றிவிட்டு ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. அவர் வண்டியின் பின்கதவைத் திறந்து ஜாக்கி கம்பியை எடுத்தார். சாவியைச் சுத்தம் செய்து பூட்டைத் திறந்தார். உள்ளே வந்ததும், பழக்கதோஷம், கம்பிக் கதவை மறுபடியும் பூட்டினார்.

கூடத்தில் மழை வெளிச்சம். பாயில் சின்ன முதுகு. அதைத் தாண்டி அடுக்களை. அது மேடையைப் பார்த்து நின்றிருந்தது, மனைவியின் பழைய நீல உடையில், மனைவியின் உயரத்தில்.

"யாருடி நீ?"

மாஸ்டர் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கித் தோளில் இறக்கினார்.

தோள் பிளந்தது. ரத்தம் வரவில்லை. விளிம்பில் சுற்றுச் சுற்றாகக் காகிதம் தெரிந்தது. அவர் விரலை நுழைத்துக் கிழித்தார். மேல் சுற்று செய்தித்தாள். அடுத்த சுற்று ஓட்டுநர் தேர்வு வினாத்தாள். அதற்கடுத்தது ஆஸ்பத்திரிச் சீட்டு, அதன் கீழ் இன்னொரு ஆஸ்பத்திரிச் சீட்டு. பிறகு அவருடைய கையெழுத்து. 'இனிமேல் சத்தியமாக.' அதன் அடியில் மறுபடி அவர் கையெழுத்து, வேறொரு வருடத்து 'இனிமேல் சத்தியமாக.' ஏழாவது சுற்றைப் பிய்த்தபோது விரல் வெதுவெதுப்பாக எதிலோ பட்டது.

ஓடு வெறுமையாகத்தான் இருந்தது. எலும்பு இல்லை, எதுவும் இல்லை. ஆனால் ஓட்டின் உள்பக்கம் தோல். மயிர்க்கால் வரைக்கும் பதிந்த தோல், உள்நோக்கித் திரும்பியிருந்தது. அதில் நீலம், கறுப்பு, மஞ்சள், புதுச் சிவப்பு. பெல்ட்டின் வார் அகலம். ஐந்து விரல். ஒவ்வொன்றும் அவர் வைத்த இடத்தில், அவர் வைத்த அளவில் இருந்தது. எல்லாம் துடித்துக்கொண்டிருந்தன.

அவர் கையை இழுத்துக்கொண்டார். அது திரும்பியது.

இருபத்து மூன்று வயது முகம். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது இருந்த முகம். மூக்கு சரியாக இருந்தது, உதடு சரியாக இருந்தது. கண் மட்டும் வரையவில்லை. உள் ஈரம் காய்வதற்காக விட்ட இரண்டு ஓட்டைகள்.

கை எழுந்தது.

பளார்.

சத்தம் இந்த முறை சரியாக இருந்தது. சுவரில் பட்டுத் திரும்பியது. மாஸ்டர் மேடையில் மோதி விழுந்தார். இடது கண்ணுக்குக் கீழே சூடாக ஏதோ வழிந்தது. தொட்டுப் பார்த்தார். ஒரு விரல்நுனி நீளத்துக்குக் கீறல். மோதிரக் கல் கிழித்த கீறல். அதன் கையில் மோதிரம் இல்லை. அன்று அவர் கையில் இருந்தது. கல்யாணமான மூன்றாம் நாள். வெள்ளைச் சட்டையோடு சாயம் போகிற துணியைச் சேர்த்து ஊறவைத்தாள் என்று. அதுதான் முதல்.

இரண்டாவது எது என்று அவருக்கு நினைவு வந்தது. நினைவு முழுதாக வருவதற்குள் அடி வந்துவிட்டது. தலைமயிரைப் பிடித்துச் சுவரில்.

"வேணாம்" என்றார். "ஏய். வேணாம்டி."

மூன்றாவது. காதில்.

ஊய்ங்கென்று ஒரே சத்தம். அந்தக் காது அவளுக்குப் பத்து நாள் கேட்காமல் இருந்தது. அவர் தவழ்ந்தார். கூடம். பாய். கம்பிக் கதவு. சாவிக்கொத்து எங்கே? அடுக்களை வாசலில் விழுந்து கிடந்தது. கையை நீட்டினார். ஒரு சின்னக் கை அதை முந்திக்கொண்டு எடுத்தது. பாயிலிருந்து எழுந்து வந்திருந்தது அது. நெற்றியில் மூன்று தையல் போட்ட காகிதம்.

"குட்டி. நான் அப்பா. கொடுடா."

அது சாவியைக் கொடுக்கவில்லை. கூடத்து ஜன்னலை மூடியது. பிறகு அடுத்த ஜன்னல். பிறகு படுக்கையறை ஜன்னல். அவர் மனைவியை அடிக்க ஆரம்பித்தால் பெண் இப்படித்தான் ஓசைப்படாமல் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவாள். தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று அவர்தான் பழக்கியிருந்தார். மூடி முடித்ததும் பாய்க்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து நோட்டில் குனிந்தது.

பெரியது பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கையோடு கொண்டுவந்த கிண்ணத்திலிருந்து பசையைத் தொட்டது. அவர் கண்ணுக்குக் கீழிருந்த கீறலின் மேல் ஒரு பட்டைக் காகிதத்தை வைத்து, ஓரங்களை விரலால் நீவி, மிகுந்த கவனத்தோடு ஒட்டியது. காதின் மேல் ஒன்று. நெற்றியில் ஒன்று. அந்தக் கையில் கோபமே இல்லை. ஒட்டிவிட்டுக் காத்திருந்தது. காய்கிறவரைக்கும் காத்திருந்தது.

பிறகு நான்காவது.

ஐந்தாவது.

விலா எலும்பு உடைந்தபோது அவருக்கு வலியைவிடப் பெரியதாக ஒன்று புரிந்தது. வரிசை. ஒன்றுகூட விடாமல், நடந்த வரிசையிலேயே வருகிறது. இவை எல்லாம் சின்னவை. ஆரம்பத்தில் அவர் அவ்வளவு மோசமாக அடிக்கவில்லை. மூன்றாம் வருடம் படிக்கட்டு இருக்கிறது. ஆறாம் வருடம் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. எட்டாம் வருடத்தை நினைத்ததும் அவர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். அதை இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் ஒரு மாதம் படுக்கையில் கிடந்தாள்.

தொண்டை கிழியக் கத்தினார். வெளியே வந்தது காற்று. வாயின் மேல் எப்போதோ ஒரு பட்டை ஒட்டியிருந்தது. அது காய்ந்து தோலோடு இறுகியிருந்தது.

மழை விட்டிருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"சார்! மாஸ்டர்! கிளம்பலாமா?"

மருந்துக்கடைக்காரர். நாலரை. மாஸ்டர் குதிகாலால் தரையை உதைத்தார். தொம், தொம். வெளியே கம்பிக் கதவு லேசாக ஆடியது.

பெரியது எழுந்தது. உடையைச் சரி செய்துகொண்டது, பிளந்த தோளை மறைத்துத் துணியைப் போர்த்திக்கொண்டது. கூடத்துக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, நிழலில், தலையைக் குனிந்து நின்றது. குரல் வந்தது. மெல்லிய, வறண்ட, மரியாதையான குரல். மாஸ்டர் பக்கத்தில் நின்றிருக்க, அந்த மருந்துக்கடையில் எத்தனையோ முறை கேட்ட அதே குரல்.

"இன்னிக்கு வரமாட்டாருங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு."

"ஐயையோ. பலமான அடியா?"

"இல்லீங்க. கொஞ்சம் வீக்கம்தான்."

மருந்துக்கடைக்காரர் உடனே போகவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவருடைய மூச்சு கேட்டது. மாஸ்டர் இன்னொரு முறை உதைத்தார். சத்தம் மருந்துக்கடைக்காரருக்குக் கேட்டது. கேட்டிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆயின்மென்ட் வேணும்னா கடைக்கு வாங்கம்மா" என்றார். "பாத்து நடக்கச் சொல்லுங்க."

செருப்புச் சத்தம் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டித் தெருமுனைக்குப் போனது. அது கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தது. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, விலாவில் ஒட்டியிருந்த காகிதத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தது. காய்ந்திருந்தது. கையை ஓங்கியது.

கல்யாணமாகி அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.